கம்பெனி கூப்பிடுது... போகலாமா?

பிளஸ் டூ முடித்த கையோடு வந்து நிற்கும் வேலை அழைப்பு. காவிரிக் கரை வீடுகளின் ஜூன் மாதத் தவிப்பு.

குத்தாலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏல நாள். வெயில் ஏறுவதற்குள் டாடா ஏஸும் டிராக்டருமாக வாசல் அடைத்துக் கிடக்கிறது. மூட்டைகளை இறக்கி, அவிழ்த்து, ஆளுக்கொரு குவியலாகப் போட்டிருக்கிறார்கள். வெளியூர் வியாபாரிகள் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிப் பஞ்சை உருவுகிறார்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து இழை நீளம் பார்க்கிறார். இன்னொருவர் விதையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார்.

தன் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் ஓர் அப்பாவின் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. மகள்.

"அப்பா, கம்பெனியிலேர்ந்து மெயில் வந்துருக்கு. செலக்ட் ஆயிட்டேனாம். நாளன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணுமாம்."

பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்ன ஏதோ ஒரு பரீட்சை. எழுதியதையே வீட்டில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரிக்கும் போட்டாயிற்று. இரண்டில் ஒன்று கிடைத்துவிடும் என்று இருந்த வீட்டில், கேட்காமலே மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் பதினோரு பக்கம். அத்தனையும் இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

பெயர் வேண்டாம். ஜூன் பிறந்தால் குத்தாலம், தேரழுந்தூர், மங்கைநல்லூர், கதிராமங்கலம் பக்கம் இப்படிப் பல வீடுகள். மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்றங்கால் போட வேண்டிய நேரத்தில்தான் இந்தக் கணக்கையும் போட வேண்டியிருக்கிறது.

அழைப்பு வரும் வழி

பட்டம் வாங்காத பிள்ளைகளைத் தேடி ஐ.டி. கம்பெனிகள் வருவது இருபது ஆண்டுப் பழக்கம். ஸோஹோ நிறுவனம் 2005 வாக்கில், பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த ஆறு பேரை வைத்து ஒரு பள்ளி தொடங்கியது. இன்று சென்னைப் புறநகரிலும் தென்காசியிலும் நடக்கும் ஸோஹோ பள்ளிகளில் கட்டணம் கிடையாது. படிக்கும்போதே மாத உதவித்தொகை உண்டு. எச்.சி.எல். நிறுவனம் 2017இல் 'டெக்பீ' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பிளஸ் டூவில் கணக்கு அல்லது வணிகக் கணிதம் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, முழுநேர வேலையில் சேர்த்துக்கொள்கிறது. வேலையில் இருந்துகொண்டே பட்டம் படிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறது. அதில் இணைந்திருக்கும் பல்கலைக்கழகங்களில் ஒன்று தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் இருக்கும் சாஸ்த்ரா.

2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு, இந்தத் தேர்வுகளைப் பற்றிய பேச்சு அரசுப் பள்ளி வகுப்பறைக்கே வந்துவிட்டது. முன்பெல்லாம் சென்னையிலோ கோவையிலோ சொந்தக்காரர் இருந்தால்தான் காதில் விழும் செய்தி இது.

அடுத்த வழி ஆலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு டெல்டாவிலிருந்து ஆள் எடுக்க, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் மேசை போட்டு உட்கார்கிறார்கள். காலையில் மூன்று பேர் முன்னால் நின்று பேசினால் மாலைக்குள் 'ஆர்டர்' கையில். விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, பேருந்து உண்டு.

எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடார் படித்த பள்ளிகளில் ஒன்று கும்பகோணம் டவுன் பள்ளி. கணித மேதை ராமானுஜன் படித்ததும் அங்கேதான். குத்தாலத்திலிருந்து ரயிலேறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். இருந்த வேலையை விட்டுவிட்டு 1976இல் நண்பர்களோடு கம்பெனி தொடங்கும் துணிச்சல் ஷிவ் நாடாருக்கு இருந்தது. அப்போது அவர் கையில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் பொறியியல் பட்டமும் இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து "ரிஸ்க் எடு" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கையில் எவ்வளவு வரும்?

கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது ஆண்டுத் தொகை. 2,20,000 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்து 18,333 என்று வீடு கணக்குப் போடுகிறது. வங்கிக் கணக்கில் அது வராது.

சி.டி.சி. என்று எழுதியிருக்கும் அந்தத் தொகைக்குள், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்கு ஒதுக்குவது, இ.எஸ்.ஐ. பங்கு எல்லாமே அடக்கம். அடிப்படைச் சம்பளம் 9,000 என்றால் கம்பெனியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,080 ரூபாய். பணிக்கொடைக்கு ஏறக்குறைய 433. மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு, கம்பெனி பங்கு 3.25 சதவீதம், அது சுமார் 530. இத்தனையும் போனால் மாதச் சம்பளம் 16,300 அளவில் நிற்கும். அதிலிருந்து பிள்ளையின் பி.எஃப். பங்கு இன்னொரு 1,080, இ.எஸ்.ஐ. பங்கு 120 சொச்சம். கைக்கு வருவது ஏறக்குறைய 15,000 ரூபாய்.

பி.எஃப். எங்கேயும் போய்விடாது, பிள்ளையின் பெயரில் சேரும். இ.எஸ்.ஐ. இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயம் குறையும். நல்லவைதான். ஆனால் சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் பேருந்தும் கட்டுவது அந்த 15,000இல்தான். சில திட்டங்கள் கேட்கும் பயிற்சிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் வாங்கியிருந்தால் மாதத் தவணையும் அதிலேயே. வீட்டுக்கு மாதம் பத்தாயிரம் அனுப்புவாள் என்று சீட்டு எடுத்துவிட்ட அப்பாக்கள் முதல் மாதத்திலேயே திகைத்துப் போகிறார்கள். அந்தத் திகைப்பு பிள்ளையின் மேல் கோபமாக இறங்குவதுதான் கொடுமை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "பிடித்தமெல்லாம் போக, முதல் மாதம் என் கணக்கில் எவ்வளவு வரும்?" கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவுக்கு இது நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

'நாளன்னிக்கி சாயங்காலம்'

ஏலக்கூடத்துக்கே திரும்புவோம். அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். அதிக விலை போட்டவருக்குப் பருத்தி. ஆனால் அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி கொடுக்க மறுக்கலாம். அங்கேயே கிட்டங்கியில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம். இந்த உரிமை தெரிந்த, அதை எத்தனையோ முறை பயன்படுத்திய அதே விவசாயி, கம்பெனி "நாளை மறுநாள்" என்றதும் நடுங்கிப் போகிறார். பருத்திக்கு அவகாசம் கேட்டவர் பெண்ணுக்குக் கேட்கத் தயங்குகிறார்.

கேட்கலாம். "கல்லூரிச் சேர்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு வாரம் வேண்டும்" என்று மரியாதையாக நாலு வரி எழுதினால், ஆள் எடுப்பதில் பழகிய நிறுவனம் கோபித்துக்கொள்ளாது. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கேட்டதற்காகவே வேலையைப் பிடுங்குகிற இடம் என்றால், சேர்ந்த பிறகு விடுப்புக் கேட்டால் என்ன செய்யும் என்பது இப்போதே தெரிந்துவிடுகிறது.

கடிதம் வந்தும் வேலை வராத கதை

எதிர்பாராமல் வரும் அழைப்பைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் பெரிய நம்பிக்கை, 'ஆஃபர் லெட்டர்' வந்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்பது. கடந்த சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய நிறுவனங்களிலேயே இந்த நம்பிக்கை உடைந்திருக்கிறது.

2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்து வைத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். இன்ஃபோசிஸ் 2022இல் பணி அழைப்புக் கொடுத்த பொறியியல் பட்டதாரிகளில் பலர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2024இன் பிற்பகுதியில் மைசூர் வளாகத்தில் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் அவர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். உள்தேர்வில் மூன்று வாய்ப்புக்குள் தேறாவிட்டால் தொடர முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம். ஒப்பந்தத்தில் இருந்தது உண்மை. அந்த வரி எத்தனை வீட்டில் படிக்கப்பட்டிருக்கும்?

பொறியியல் முடித்தவர்களுக்குக் கையில் பட்டமாவது மிஞ்சியது. பிளஸ் டூவோடு போகும் பிள்ளைக்கு இது இன்னும் கடுமையான விஷயம். ஜூன் மாதம் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, 'சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்ற வரியை நம்பி உட்கார்ந்தால், தேதி தள்ளிப்போகப் போக அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. கையில் இரண்டுமே இருக்காது.

இதற்கு என் பதில் நேரடியானது. சேரும் தேதி கடிதத்தில் அச்சாகியிருக்கும் வரை கல்லூரி இடத்தை விடாதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியின் கலை அறிவியல் படிப்புக்குக் கட்டும் முதல் ஆண்டுக் கட்டணம், ஓர் ஆண்டை இழப்பதோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. பாதுகாப்புக்குச் செலவழித்ததாக நினைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் அசலை எந்தக் கம்பெனியிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலை வாங்கிப் பூட்டி வைக்கும் இடம், பிள்ளை போக நினைக்கும் நாளில் போகவிடாத இடம்.

▣ பெட்டிச் செய்தி

பத்திரத்தில் கையெழுத்து

"பாண்டெல்லாம் கோர்ட்டுல செல்லாது" என்று டீக்கடையில் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

2025 மே 14 அன்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் இப்படிப்பட்ட நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு எதிரானது அல்ல என்றது. அது பொதுத்துறை வங்கி; ஆள் எடுக்க ஆகும் செலவும் காலமும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டன. தனியார் நிறுவனம் கேட்கும் எல்லாத் தொகையும் அப்படியே கிடைத்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும்.

18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடிக்கும் பலருக்கு 17 வயது. பெற்றோர் கையெழுத்தைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'உத்தரவாதம் அளிப்பவர்' என்று போட்டிருக்கும் இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால், அந்தக் கடன் அப்பாவின் பெயரில் வந்து நிற்கலாம். தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, ஆண்டு ஏற ஏற தொகை குறையுமா என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

நோக்கியாவில் சேர்ந்தவர்கள்

இந்தப் பேச்சில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலையை விட்டுவிட முடியாது. 2006இல் அங்கே உற்பத்தி தொடங்கியபோது, பிளஸ் டூவோடும் டிப்ளமோவோடும் போன பிள்ளைகளுக்கு அது கனவு வேலை. ஏ.சி. அறை, சீருடை, கம்பெனி பேருந்து, மாதா மாதம் தவறாத சம்பளம். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து, குறிப்பாகப் பெண்கள், அங்கே போனார்கள். உச்சத்தில் 8,000 பேர் வேலை பார்த்தார்கள்.

வரித் தகராறு, நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் கைக்கு இந்த ஆலை மாறாமல் போனது, ஆர்டர் நின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் 'விருப்ப ஓய்வு'!

பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருந்தது. ஆனால் அந்த அனுபவம் ஒரு வரிசையில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் கிடைத்தது. அடுத்த கம்பெனி வாசலில் போய் நின்றபோது புதிதாக வந்த பத்தொன்பது வயதுக்காரரோடு அதே வரிசையில் நிற்க வேண்டி வந்தது. பட்டம் படிக்காமல் விட்டதன் விலை அந்த நாளில்தான் தெரிந்தது. அந்த எட்டு ஆண்டுச் சம்பளத்தில் தம்பி தங்கையைப் படிக்க வைத்தவர்களும் வீடு கட்டியவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போனது தவறு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. போன இடத்தில் அடுத்த படிக்கு வழி இருந்ததா என்பதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரையின் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேரும்போது கிடைப்பதைப் பார்ப்பதற்கு முன், மூன்றாம் ஆண்டு வெளியே வந்தால் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். பட்டமா, வேறு இடத்தில் விலைபோகும் தொழிலறிவா, பி.எஃப். சேமிப்பா, கடனா? இந்தக் கேள்விக்குக் கடிதத்திலேயே பதில் இருந்தால், பதினேழு வயதில் போவதில் குற்றமில்லை. பதில் இல்லாவிட்டால் கம்பெனி பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கல்லூரிதான்.

பெண் பிள்ளை இருக்கும் வீட்டில்

அழைப்பு மகனுக்கு வந்தால் வீடு பணத்தைப் பற்றிப் பேசுகிறது. மகளுக்கு வந்தால் எங்கே தங்குவாள், யார் கூட்டிப் போவார்கள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது என்ன சொல்வது என்று பேச்சு திரும்பிவிடுகிறது. கடைசிக் கவலை எனக்கு உடன்பாடானது இல்லை. தங்குமிடத்தைப் பற்றிய கவலையில் முழு நியாயம் இருக்கிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளைப் பற்றிச் செய்தி தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சில வாரம் ஆலை மூடிக் கிடந்தது. உலகம் முழுக்கப் போகும் ஐபோனைப் பூட்டும் கைகள் எப்படிப்பட்ட அறையில் தூங்குகின்றன என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. தங்குமிடத்தில் பிறகு ஒரு மாற்றமும் வந்தது. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது.

இதில் பெற்றோருக்கு ஒரு செய்தி இருக்கிறது. தங்குமிடம் கம்பெனி நேரடியாக நடத்துவதா, ஒப்பந்தக்காரர் நடத்துவதா? பணி நியமனக் கடிதத்தில் இருப்பது கம்பெனி பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சி பெயரா? முகாமில் மேசைக்கு மேலே தொங்கும் பலகையில் ஒரு பெயரும் கடிதத்தில் வேறு பெயரும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்கலாம். சேர்வதற்கு முன் ஒருமுறை போய் விடுதியைப் பார்ப்பது, சமையற்கட்டை எட்டிப் பார்ப்பது, அங்கே இருக்கும் பெண்களிடம் வார்டன் இல்லாத நேரத்தில் பேசுவது. இவ்வளவும் ஒரு நாள் ரயில் செலவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வரும் ஓர் அம்மாவின் மகள், தன் பெயரில் வங்கிக் கணக்கும் பி.எஃப். எண்ணும் வைத்துக்கொள்கிறாள். அம்மாவின் மருந்துச் செலவை அவளே பார்க்கிறாள். வீட்டுப் பேச்சில் அவள் சொல்லுக்கு இடம் கிடைக்கிறது. அடுத்த ஆண்டே கல்யாணம் என்று ஆரம்பிக்கும் உறவினருக்கு "அவ வேலைக்குப் போறா" என்ற ஒரு பதில் போதுமானதாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை நான் லேசாக எடைபோட மாட்டேன்.

பட்டமும் வேண்டும்

அழைப்பை ஏற்றால் விட்டுக்கொடுப்பது எது என்பதையும் ரூபாயில் எழுதிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் அதே தொகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தனியாகக் கட்டணச் சலுகை. இந்த ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரி கிடைக்கும் மதிப்பெண் இருக்கும் பிள்ளையை, பதினைந்தாயிரம் சம்பளத்துக்காக வேறு திசையில் அனுப்பக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மதிப்பெண் நடுத்தரம், வீட்டில் கடன், கல்லூரி என்றால் ஏதோ ஒரு பாடப்பிரிவு என்ற நிலை என்றால் கணக்கு மாறுகிறது. வேலையோடு பட்டம் என்று சொல்லும் திட்டம் அங்கே உண்மையான வாய்ப்பு. அப்போதும் நான்கைந்து விஷயத்தைக் குடைந்து கேட்க வேண்டும். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது? நேரடி வகுப்பா, இணைய வழியா? அரசு வேலைத் தேர்வுகளுக்கு அது செல்லுமா? கட்டணத்தில் கம்பெனி எவ்வளவு, பிள்ளை எவ்வளவு? நடுவில் கம்பெனியை விட்டு வந்தால் படிப்பு தொடருமா, நிற்குமா? குரூப் 2, வங்கித் தேர்வு என்று பின்னால் யோசிக்கும் பிள்ளைகள் டெல்டாவில் அதிகம். பட்டம் இல்லாமல் அந்தத் தேர்வுகளின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது.

எட்டு மணி நேர வேலைக்குப் பின், ஷிஃப்ட் மாறி மாறி வரும் உடம்போடு, பரீட்சைக்குப் படிப்பது சுலபமில்லை. முடித்துக் காட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டாம் ஆண்டில் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். அழைப்பைக் கொடுக்கும் கம்பெனியிடம், "உங்கள் திட்டத்தில் சேர்ந்து பட்டத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?" என்று கேட்கலாம். விளம்பரத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் போடுவார்கள்.

▣ பெட்டிச் செய்தி

பொய் அழைப்பு

2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று அழைத்து, இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்களைப் பற்றியது அது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. தமிழக இளைஞர்கள் பலர் சிக்கி மீட்கப்பட்டார்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

உள்நாட்டில், பணம் கேட்பதெல்லாம் மோசடி என்றும் சொல்ல முடியாது. பயிற்சிக் கட்டணம் வாங்கும் உண்மையான திட்டங்களும் உண்டு. நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரி, வங்கி வழிக் கடன், ரசீது இருந்தால் ஒன்று. தனி ஆளின் போன் எண்ணுக்கு 'பதிவுக் கட்டணம்', 'லேப்டாப் முன்பணம்' என்று ஜி-பே செய்யச் சொன்னால் வேறு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

ஊரிலேயே வந்தால்?

டெல்டாவில் பேசும்போது கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது: "பக்கத்துலயே இப்படி ஒண்ணு இருந்தா யோசிக்கவே வேணாம்." 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், புதிய எண்ணெய் எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றை இங்கே தடுக்கிறது. கதிராமங்கலத்தில் 2017இல் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்ததைப் பார்த்த மக்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலையை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. கொல்லுமாங்குடியில் டெசிக்ரூ என்ற நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு, இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய முயற்சியில் கிராமத்துப் பெண்களுக்குத் தரவுப் பணி கொடுத்துக் காட்டியது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் ஐ.டி. நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. குத்தாலம் இருக்கும் மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. இங்கேயும் அப்படி ஒரு பூங்கா வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது வரும் வரை பிள்ளைகள் ரயிலேறத்தான் போகிறார்கள்.

அதனால் உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியில் பாடப்பிரிவுகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அதே மண்டபத்தில் இன்னொரு மேசை போடுங்கள். ஒரு வழக்கறிஞர், தொழிலாளர் துறை அலுவலர் ஒருவர், உள்ளூர்ப் பள்ளியிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் கம்பெனிக்குப் போனவர்களில் இருவர். அந்த இருவரில் ஒருவர் இன்னும் வேலையில் இருப்பவராகவும் இன்னொருவர் விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கட்டும். கடிதத்தைக் கையில் எடுத்து வரும் அப்பாவுக்குப் பதினோரு பக்கத்தையும் தமிழில் படித்துச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

அரசுப் பள்ளிக்குள் வந்து தேர்வு நடத்த அனுமதி வாங்கும் நிறுவனங்களிடம் பள்ளிக் கல்வித் துறை ஒரு நிபந்தனை போடலாம். கடிதத்தோடு தமிழில் ஒரு பக்கம் இணைக்க வேண்டும். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம், சேரும் தேதி, தங்குமிடம் யாருடையது, பட்டத்துக்கு யார் எவ்வளவு கட்டுவது, இடையில் விலகினால் எந்த ஆண்டில் எவ்வளவு கட்ட வேண்டும், உள்தேர்வில் தேறாவிட்டால் என்ன ஆகும். முடிவு சொல்லக் குறைந்தது பதினைந்து நாள் அவகாசம்.